லெஃபேவ்ர் என்றால் கொல்லன்

அவரை நினைக்கும்போதெல்லாம், அவர் எங்கள் அலுவலகத்துக்கு முதன்முதலாக வந்த காலையில் மேசைமேல் எடுத்து வைத்த அடையாள அட்டைதான் எனக்கு முதலில் தெரிகிறது. அதிலிருந்த படம் சந்தேகமே இல்லாமல் ஒரு தமிழ் முகம். கறுத்து ஒட்டிய கன்னங்கள், எண்ணெய் வைத்துப் படிய வாரிய நரைமுடி, என் பெரியப்பாவுக்கு இருந்ததைப் போன்ற அகன்ற காதுகள். அந்த முகத்துக்குப் பக்கத்தில், குடும்பப் பெயர் எழுதும் இடத்தில், ஒரு வெள்ளைக்காரனின் பெயர் இருந்தது. அலுவலகத்தை நடத்திய அண்ணை அட்டையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் எழுத்துக்கூட்டினார். "லெ... ஃபெ... ப்... வ்ரே?" வந்தவர் சிரிக்காமல் திருத்தினார். "லெஃபேவ்ர். நடுவுல இருக்கிற 'பி'யைச் சொல்லக்கூடாதுங்க. அது சும்மா இருக்கு." சொல்லக்கூடாத ஓர் எழுத்தை ஏன் பெயருக்குள் வைத்திருக்க வேண்டும் என்று அண்ணை என்னைப் பார்த்தார். நான் அட்டையைப் பார்த்தேன். எனக்கு அந்த ஆள்மேல் சந்தேகம் விழுந்தது அப்போதுதான்.

இது நடந்து பதினான்கு வருடங்கள் இருக்கும். பாரிசின் லா ஷப்பலில், மெத்ரோ ரயில் மேலே ஓடுகிற பாலத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு சேலைக்கடைக்கும் மரக்கறிக் கடைக்கும் நடுவில் எங்கள் அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்பது பெரிய சொல். மூன்று மேசை, ஒரு பிரதி எடுக்கும் இயந்திரம், சுவரோடு பிளாஸ்டிக் கதிரைகள். பிரெஞ்சு எழுதத் தெரியாத எங்கள் ஈழத்துச் சனங்களுக்கு விண்ணப்பம் நிரப்புவது, கடிதம் எழுதுவது, அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்களின் கதையை மேன்முறையீட்டுக்காக மறுபடி ஒழுங்காக எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. எழுதிக்கொண்டிருந்தவர் கனடாவுக்குப் போய்விட்டதால், நல்ல பிரெஞ்சு தெரிந்த ஒருவரை அண்ணை தேடிக்கொண்டிருந்தார். தபால் துறையில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒரு பாண்டிச்சேரிக்காரர் பாரிசுக்கு வெளியே ஆர்ஜொந்தெயில் இருக்கிறார் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்படித்தான் அவர் வந்தார். எல்லாரும் அவரை மிசியே என்றே கூப்பிட்டோம். ஐயா என்று கூப்பிட ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அவருடைய வேலையில் குறை சொல்ல முடியாது. ஒருவருடைய கதையைக் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் இருந்துவிட்டு, ஒரே மூச்சில் எழுதுவார். அதிகாரிகள் அந்தக் கடிதங்களுக்குப் பதில் போட்டார்கள். ஆனால் அவர் கேட்கும் கேள்விகள்தான் எங்களுக்குப் பிடிக்கவில்லை. வருகிறவர்களிடம் தேவைக்கு மேலாகப் பெயரைப் பற்றிக் கேட்பார். "இது உங்க பேரா, அப்பா பேரா? ஊர்ல எப்படி எழுதுவீங்க? இங்க யாரு இப்படி மாத்தினாங்க?" கேட்டுவிட்டு, மேலங்கிப் பையிலிருந்து நீலமட்டை போட்ட ஒரு சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எதையோ எழுதிக்கொள்வார். பொலிசுக்கும் இராணுவத்துக்கும் பெயர் சொல்லிப் பயந்து வந்த சனம் நாங்கள். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்கிற ஒருவனை எங்களால் சாதாரணமாகப் பார்க்க முடியாது.

எனக்கு அந்தப் பயம் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. ஏனென்றால் என்னுடைய கடதாசிகளில் இருந்த பெயர் என்னுடையது அல்ல. பாரிசுக்குக் கலியாணத்துக்கு வரவேண்டியவள் என் அக்கா. எல்லாம் ஒழுங்காகி, அவளுடைய பெயரில் பத்திரங்களும் எடுத்த பிறகு அவள் வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். ஊரில் அவளுக்கு ஒருவர் இருந்தார். வீட்டில் பெரிய சண்டை நடந்து, கடைசியில் அவளுடைய பத்திரத்தோடு என்னை அனுப்பினார்கள். அதே பெயரில் அகதியாகப் பதிந்தேன், அதே பெயரில் கலியாணம் முடித்தேன், என் மகள் பிறந்தபோது தாயின் பெயர் என்ற இடத்தில் அக்காவின் பெயரையே எழுதினார்கள். இதை இந்த நாட்டில் என் கணவரைத் தவிர ஒருவரும் அறியார். அறிந்தால் எல்லாமே ஒரே நாளில் போய்விடும் என்று நம்பிக்கொண்டு புறநகர் கார்ஜ் லே கொனெஸில் ஆறாவது மாடியில் குடியிருந்தேன்.

மிசியே வந்த முதல் கிழமையே என்னிடம் கேட்டார். "உங்க பேருக்கு 'எச்' ஒண்ணு போடறீங்களா, ரெண்டாம்மா? காலைல ஒரு மாதிரி எழுதினீங்க, இப்ப வேற மாதிரி." அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் எழுதிய தாளை என் பக்கமாக இழுத்துக்கொண்டேன். "ரெண்டும் சரிதான் மிசியே" என்றேன். அவர் தலையாட்டினார். புத்தகத்தை எடுக்கவில்லை. ஆனால் அன்று முதல் நான் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன், அவர் என்னைக் கவனிக்கிறாரா என்று தெரிந்துகொள்வதற்காக.

வீட்டில் என் கணவர் வேறொரு வழியில் சந்தேகப்பட்டார். அவர் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. அங்கே பிரெஞ்சுக்காரரிடம் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். "லெஃபேவ்ர் எண்டால் கொல்லனாம். உவர் அங்கை இரும்படிச்ச ஆக்களாயிருக்கும். சாதியை மறைக்கத்தான் வெள்ளைக்காரன்ரை பேரை வைச்சிருக்கினம்." அண்ணையிடமும் யாரோ இதைச் சொல்லியிருந்தார்கள். அவரும் அதை ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்தவரைப் போலத்தான் சொன்னார். ஆளைப் பார்த்தவுடன் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று நிறுத்துப் பார்க்கிற தராசை நாங்கள் கடல் தாண்டியும் கொண்டு வந்திருந்தோம். ஒரு பெயருக்குள்ளே போய் அதைப் பார்க்க முடியாதபோது எங்களுக்குக் கோபம் வந்தது. இன்னொருத்தியின் பெயரில் வாழ்ந்துகொண்டு நானும் அதற்குத் தலையாட்டினேன் என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஒரு மத்தியானம், ஆட்கள் இல்லாத நேரம், நானே கேட்டுவிட்டேன். "மிசியே, உந்தப் பேர் உங்களுக்கு எப்படி வந்தது?" அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டு ஒரு தாளை இழுத்தார். இப்படி ஒருவர் கேட்பதற்காகப் பல வருடங்கள் காத்திருந்தவரைப் போல இருந்தது. லத்தீனில் கடினமான பொருளில் வேலைசெய்பவனுக்கு ஃபாபர் என்று பெயர் என்றார். அது பிரெஞ்சில் இரும்புக் கொல்லனைக் குறிக்கும் சொல்லாயிற்று. வடக்கே 'ஃபேவ்ர்' என்றார்கள், தெற்கே அதுவே ஃபாப்ர், ஃபோர், ஃபாவ்ர் என்று ஆயிற்று. எல்லாம் ஒரே கொல்லன்தான். படித்த எழுத்தர்கள், தங்களுக்கு லத்தீன் தெரியும் என்று காட்ட, பழைய 'பி' எழுத்தைக் கொண்டுவந்து நடுவில் செருகினார்கள். வாய் அதைச் சொல்லவே இல்லை, கை மட்டும் எழுதிக்கொண்டு வந்தது. அந்தக் காலத்தில் 'யு'வும் 'வி'யும் ஒரே மாதிரி எழுதப்பட்டதால், சில குடும்பங்கள் தங்கள் பெயரையே தப்பாக வாசித்து லெஃபெபூர் ஆகிவிட்டன.

"ஏன் இவ்வளவு பேருக்கு இந்தப் பேர்?" என்று கேட்டேன். நான் பார்த்த தபால்பெட்டிகளிலும் கடைப் பலகைகளிலும் அந்தப் பெயர் அடிக்கடி இருந்தது.

"ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு கொல்லன் வேணுமில்லீங்களா? ஏருக்கு, குதிரை லாடத்துக்கு, கதவுக்கு. ரெண்டு பேர் தேவையில்ல, ஒருத்தன் போதும். அதனால அவனை எல்லாரும் 'லெ ஃபேவ்ர்', 'அந்தக் கொல்லன்'னே சொன்னாங்க. பேர் எழுத அதிகாரி வந்தப்ப அதையே எழுதிக்கிட்டான். பக்கத்து ஊர்லயும் அப்படியே. ஆயிரம் ஊர்ல ஆயிரம் லெஃபேவ்ர், ஒருத்தனுக்கொருத்தன் சொந்தமில்ல." பிறகு, அந்தச் சொல் பேச்சுவழக்கில் இப்போது செத்துப்போய்விட்டது, கொல்லனுக்கு வேறு சொல் வந்துவிட்டது என்றார். பெயர்களிலும், தங்க வேலைசெய்பவரைக் குறிக்கும் ஓர்ஃபேவ்ர் என்ற சொல்லிலும் மட்டும் உயிரோடு இருக்கிறது. "ஓர்னா தங்கம். நம்ம பொற்கொல்லர் மாதிரியே, பாத்தீங்களா?"

அது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதையும் நான் கவனித்தேன். "அப்ப உங்கடை ஆக்கள் கொல்லரோ?" என்று மறுபடி கேட்டேன். அவர் தாளை மடித்தார். பாண்டிச்சேரியைப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், ஊர் வழமைச் சட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வர விரும்பியவர்கள் கையெழுத்துப் போட்டு ஒரு குடும்பப் பெயர் எடுக்கவேண்டுமாம். அவருடைய கொள்ளுத்தாத்தா அப்படிப் போட்டவர். சாதியை விட்டு வெளியே வரத்தான் போட்டார் என்று அப்பா சொல்வாராம். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை அடித்தவர் என்பதால் எழுத்தர் அதை மொழிபெயர்த்து லெஃபேவ்ர் என்று எழுதினார் என்பது அப்பாவின் கதை. அத்தையோ, அவர் இரும்பையே தொட்டதில்லை, ஒரு துரை வீட்டில் சமையல்காரர், அந்தத் துரையின் பெயர்தான் லெஃபேவ்ர் என்பாராம். "ரெண்டுல ஒண்ணு பொய். சில நாள் ரெண்டுமே பொய்யோன்னு தோணும். என் பேரையே என்னால நம்ப முடியலம்மா" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைச் சொல்ல வைப்பதற்காகத்தான் தன் கதையைச் சொல்கிறார் என்று எனக்குப் பட்டது. எழுந்து தேநீர் போடப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் இருக்கும். லெ பிளாங்-மெனிலில் எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்திருந்த ஒரு வீட்டுக்கு விடியக்காலையில் பொலிஸ் போனது. விசா இல்லாத மூன்று பேரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று பேருடைய கேசும் எங்கள் அலுவலகத்தில்தான் எழுதப்பட்டிருந்தது. மூன்றையும் எழுதியவர் மிசியே. அன்று பகல் முழுக்கச் சனம் வந்து வாசலில் நின்றது. "உள்ளுக்கை ஆரோ காட்டிக் குடுத்திட்டான்" என்று பிடிபட்டவர்களில் ஒருவரின் தம்பி கத்தினான். மிசியே அந்த நேரம் ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மேரிக்கு, நகராட்சி அலுவலகத்துக்கு, போயிருந்தார். அவருடைய மேலங்கி கதிரையில் தொங்கியது. அண்ணை கதவைப் பூட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"பிள்ளை, அந்தக் கொப்பி உதுக்குள்ளைதான் கிடக்கும். எடுத்து வாசிச்சுச் சொல்லும் பாப்பம்."

எடுத்தேன். அதைச் செய்தது என் கைதான். அண்ணைக்குப் பிரெஞ்சு சரளமாக வாசிக்க வராது. நான் வாசிக்க வாசிக்க அவர் முகம் இறுகியது. முழுக்கப் பெயர்கள். எங்களிடம் வந்தவர்களின் பெயர்கள், ஊர்கள், பிள்ளைகளின் பெயர்கள். பிடிபட்ட மூன்று பேரின் பெயரும் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், ஊரில் எப்படி, கடவுச்சீட்டில் எப்படி, பிரெஞ்சு அலுவலகத்தில் எப்படி என்று குறித்திருந்தார். தகப்பன் பெயர் குடும்பப் பெயரானதும், பாதிப் பெயர் வெட்டுப்பட்டதும், ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் வெவ்வேறு குடும்பப் பெயர் வாங்கியதும் அதில் இருந்தன. விலாசம் ஒன்றுகூட இல்லை. ஆனால் அதை நாங்கள் இருவரும் அப்போது கவனிக்கவில்லை, அல்லது கவனிக்க விரும்பவில்லை. "போதும்" என்றார் அண்ணை. "இதுக்குமேலை என்ன வேணும்?"

அவர் தொலைபேசியை எடுக்கப் போனபோது நான் இன்னொரு பக்கத்தைத் திருப்பினேன். அங்கே அக்காவின் பெயர் இருந்தது. அதாவது, நான். கீழே, அவர் வேலைக்கு வந்த முதல் கிழமைத் திகதியோடு, பிரெஞ்சில் மூன்று சிறிய வரிகள். இரண்டு முறை கூப்பிட்டால்தான் திரும்புகிறார். இது அவருடைய பெயர் அல்ல. கேட்கக் கூடாது.

அந்த மூன்று வரிகளையும் எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. அவர் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முதல் கிழமையிலிருந்தே அவருக்குத் தெரிந்திருந்தது. காட்டிக்கொடுக்கிற ஆளாக இருந்தால் முதலில் காட்டிக்கொடுத்திருக்க வேண்டியது என்னை. அண்ணையிடம் இந்தப் பக்கத்தைக் காட்டியிருந்தால் போதும், அந்த மனிதர் தப்பியிருப்பார். ஆனால் காட்டினால் என் கதை வெளியே வரும். வாசலில் அவ்வளவு சனம் நின்றது. நான் புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தேன்.

மிசியே திரும்பி வந்து கதவைத் தட்டினார், அண்ணை திறந்துவிட உள்ளே வந்தார். கதிரையில் மேலங்கி கலைந்து கிடப்பதையும், மேசைமேல் நீலப் புத்தகம் இருப்பதையும் பார்த்தார். அண்ணை நின்றபடியே சொன்னார். "நாளையிலை இருந்து வர வேண்டாம், மிசியே."

"படிச்சீங்களா?" என்று கேட்டார் அவர்.

"ஓம், படிச்சம்."

"எல்லாத்தையுமா?" இதை அவர் அண்ணையிடம் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சரி" என்றார். மேலங்கியைப் போட்டுக்கொண்டு, புத்தகத்தை அதன் பையில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்ற சனத்தின் நடுவால் போனார். யாரோ காறித் துப்பினார்கள். அவர்மேல் படவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

மூன்று மாதம் கழித்து, பிடிபட்டவர்களில் ஒருவர் விடுதலையாகி வந்து நடந்ததைச் சொன்னார். பொலிஸ் தேடி வந்தது அவர்களை அல்ல, அதே வீட்டில் முன்பு இருந்து களவுக் கேசில் மாட்டிய வேறு ஒருவனை. அவனைக் காணாததால் அங்கே இருந்தவர்களின் கடதாசிகளைப் பார்த்திருக்கிறார்கள். கேட்டவர்கள் "அப்படியோ" என்றார்கள். அண்ணை பிரதி இயந்திரத்துக்குத் தாள் போட்டார். மிசியேயின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. சந்தேகப்படும்போது எல்லாரும் உரக்கப் பேசினோம், அது பிழை என்று தெரிந்தபோது ஒருவருக்கும் குரல் இல்லை.

அடுத்த சனிக்கிழமை சென் லசார் நிலையத்தில் ரயிலேறி ஆர்ஜொந்தெய் போனேன். கதவைத் திறந்தவர் அவர்தான். ஆச்சரியப்படவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. உள்ளே உட்காரவைத்தார், அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பக்கத்தைக் கண்டும் பேசாமல் இருந்ததைச் சொன்னேன். அழுதேன். அவர் என் அழுகை முடியும்வரை சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதினது என் தப்பும்மா. அந்தப் பக்கத்தைக் கிழிச்சு அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன். கொள்ளுத்தாத்தாவுக்கு என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியல. உங்களுக்கெல்லாம் கண்ணு முன்னாடி அதே நடக்குது. ஒரு ஆபீசர் ஒரு நிமிஷத்துல எழுதறான், நாலு தலைமுறை அதைத் தூக்கிக்கிட்டு அலையுது. அதைப் பாக்கணும்னு ஆசை. வேற ஒண்ணுமில்ல."

"என்ரை உண்மையான பேர்..." என்று நான் தொடங்கினேன். இந்த நாட்டில் அதைச் சொல்லத் தகுதியான ஆள் இவர்தான் என்று தோன்றியது. அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"வேணாம். சொல்லாதீங்க. நாளைக்கு யாராவது வந்து கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அதோட, உண்மையைச் சொல்றேன், உங்க மேல எனக்கு இன்னும் நம்பிக்கை வரலம்மா. என்னைப் பாக்க உங்கள யாராவது அனுப்பியிருப்பாங்களோன்னு கதவைத் திறக்கும்போதே நெனைச்சேன்."

எனக்கு அது அடித்த மாதிரி இருந்தது. ரயிலில் திரும்பி வரும்போதுதான் புரிந்தது, நாங்கள் அவருக்குக் கொடுத்த வியாதியைத்தான் அவர் எனக்குக் காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறை, அவர்களுடைய நத்தாருக்கு, கிறிஸ்துமசுக்கு, தொலைபேசியில் பேசுவேன். நலம் விசாரிப்பார். பிள்ளை எத்தனையாவது படிக்கிறாள் என்று கேட்பார். தொலைபேசியை எடுத்ததும் நான் அக்காவின் பெயரைச் சொன்னால், அவர் ஒருமுறையும் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னதில்லை. "சொல்லுங்கம்மா" என்பதோடு தொடங்குவார்.

இந்த வருடம் மாசியில் அவர் மகள் கூப்பிட்டாள். அடக்கம் ஆர்ஜொந்தெயில், வியாழக்கிழமை. அண்ணை அலுவலகத்தை மூடிவிட்டு ஊரோடு போய்விட்டார், என் கணவருக்கு முழங்கால் வருத்தம், ஆகவே நான் தனியாகத்தான் போனேன். லா ஷப்பலிலிருந்து வேறு ஒருவரும் வரவில்லை. அவர்களுடைய கிறிஸ்தவக் கோயில் பாதி நிறைந்திருந்தது. பாண்டிச்சேரிக் குடும்பங்களும் தபால் துறையில் கூட வேலைசெய்த வயதான பிரெஞ்சுக்காரர்களும் வந்திருந்தார்கள். என்னுடைய கடதாசிகளில் இன்றைக்கும் அக்காவின் பெயர்தான். பிரெஞ்சுக் குடியுரிமையும் அதே பெயரில்தான் எடுத்தேன். என் மகளுக்குப் போன வருடம்தான் சொன்னேன். அவள் பிரெஞ்சில் ஒரேயொரு கேள்வி கேட்டாள், "அப்படியென்றால் அம்மா, பெரியம்மாவை ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?" அதே பெயர்தான் என்றேன். அவள் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

கோயில் வாசலுக்கு உட்புறம் ஒரு சின்ன மேசை போட்டு, வந்தவர்கள் பெயர் எழுத ஒரு பெரிய புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நின்று மெதுவாக எழுதினார். எழுத்தர் செருகிய அந்த 'பி'யோடு, அவரும் ஒரு லெஃபேவ்ர். சொந்தமா என்று மிசியேயின் மகள் கேட்க, இல்லை, உங்கள் அப்பாவும் நானும் இருபது வருடம் ஒரே மேசையில் கடிதம் பிரித்தோம், ஒருவருடைய விடுமுறைக் கடதாசி மற்றவருக்குப் போய்க்கொண்டே இருக்கும் என்று சொல்லிவிட்டு அவர் அழுதார்.

என் முறை வந்தது. பேனையை எடுத்தேன். இருபத்தைந்து வருடமாகப் பழகிய கை அக்காவின் பெயரின் முதல் எழுத்துக்குத் தானாகவே போயிற்று. நிறுத்தினேன். பிறகு அம்மா எனக்கு வைத்த பெயரைத் தமிழில் எழுதினேன். எழுத்துகள் பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்தைப் போலக் கோணலாக வந்தன. சுற்றிப் பார்த்தேன், பழக்கம்தான், யார் கவனிக்கிறார்கள் என்று. மிசியேயின் மகள் மட்டும்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழ் வாசிக்கத் தெரியாதவள்.

"இது யாருடைய பெயர்?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

என்னுடையது என்றேன். எப்படிச் சொல்வது என்று கேட்டாள். சொன்னேன். அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள், சரியாக வரவில்லை. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். நான் நகராமல் நின்று, அவளுக்கு அதை இன்னும் ஒருமுறை, கொஞ்சம் உரக்க, சொல்லிக்கொடுத்தேன்.